நாற்பது நாள் சரிவு

ஜெசிந்தா இரண்டு வருடத்துக்கும் மேலாக அந்தக் கிண்ணங்களை ஏமாற்றி வந்தாள்.

கிண்ணம் என்றால் நம் வீட்டுக் கிண்ணம் இல்லை. அடியில் தராசு பொருத்தியது. எத்தனை கிராம் தீனி விழுந்தது, நாய் எத்தனை கிராம் தின்றது, மிச்சம் எவ்வளவு என்று தானே எடை பார்த்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடும். முழுக்கக் காலியானால் விளிம்பில் பச்சை விளக்கு எரியும், மிச்சம் இருந்தால் சிவப்பு. மனிதர்கள் எழுதி வைக்கும் கணக்கில் பொய் இருக்கும் என்று அஞ்சியவர்கள் செய்த ஏற்பாடு. அந்தக் கிண்ணத்தைக் கழுவ ஒருத்தி வேண்டுமே, அவளுக்கும் இரண்டு கை இருக்குமே என்பது மட்டும் அத்தனை படித்தவர்களுக்கும் தோன்றவில்லை.

கொட்டகையில் கேமராவும் இருந்தது. ஆனால் அது நாய்களின் நடையையும் மூச்சையும் மட்டும் கவனிக்கப் பழக்கப்பட்டது. காக்கிச் சட்டை போட்ட பெண் குனிந்தால் அதற்கு அது கூட்டிப் பெருக்கும் வேலை, அவ்வளவுதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி இருந்தது அந்த ஆய்வு மையம். விசைப்படகுகளுக்கு முழுத் தடை வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. கடலில் மீன் அருகிப் போய்விட்டது. கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் சிக்கும் பொடிமீன் மட்டும்தான் மிச்சம். அதுவும் மனிதர் வாய்க்கு மட்டும். மீனையோ கறியையோ நாய்க்கும் பூனைக்கும் கோழிக்கும் போட்டால் சிறை என்று சட்டமே வந்துவிட்டது. அதற்குப் பதிலாகத்தான் ‘நிறைவு’ வந்தது. பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்து, உலர்த்தி, உருட்டிய தீனி. வறுத்த கடலை மாதிரி வாசம். அது ஒன்றையே தின்று ஒரு நாய் நன்றாக வாழுமா என்று பார்க்க இருபத்து நான்கு நாய்களை ஜெசிந்தாவின் கொட்டகையில் விட்டிருந்தார்கள்.

நாய்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண்தான். ஜெசிந்தா அதையும் கேட்கவில்லை. கடலில் இல்லாமல் போன மீன்களின் பெயரை எல்லாம் அவற்றுக்கு வைத்தாள். ஒன்று சீலா, ஒன்று பாறை, ஒன்று கெளுத்தி. பதினோராம் எண்ணுக்கு ஊளி. எல்லாம் ஆரம்பித்தது அந்த ஊளியால்தான். வந்த மூன்றாம் வாரம் அது தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்கு நாள் சிவப்பு விளக்கு. ஏழு நாள் எரிந்தால் நாயை ஊசி போட்டுக் கொன்று உள்ளே அறுத்துப் பார்ப்பார்கள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஐந்தாம் நாள் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த நெத்திலிக் கருவாட்டுத் தலையை நொறுக்கிச் சோற்றில் பிசைந்து அதன் வாயருகே நீட்டினாள். ஊளி அவள் விரலையும் சேர்த்து நக்கியது.

மற்ற இருபத்து மூன்றும் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்க வைத்துத் தின்னவிடுவது அவளால் ஆகாத காரியம். அவளுடைய அக்கா மிக்கேலா மணப்பாட்டில் கருவாடு காயப்போடுகிறவள். தலையும் வாலும் அங்கே கூடை கூடையாகக் கழிந்துபோகும். மறுநாளிலிருந்து அது கொட்டகைக்கு வந்தது. ஊரே கருவாட்டு வாடையில் மிதக்கும்போது இவள் கை வாடையை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மீனும் சோறும் தின்ற வயிற்றில் தீனிக்கு இடமில்லை. அதனால் கிண்ணத்தில் மிஞ்சியதை அள்ளித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அள்ளியதை எறிய மனம் வரவில்லை. வீட்டில் அவள் புருஷன் தொபியாஸ் இருந்தான். அரசாங்கம் அவன் படகை உடைத்து நஷ்டஈடு கொடுத்த அன்று, “கடலுக்குப் போவாதவனுக்கு மீன் எதுக்கு?” என்று சொல்லி மீனை விட்டவன். பிடிவாதத்தில் அவனை யாரும் மிஞ்ச முடியாது, எட்டு வருடத்தில் ஒரு முள்ளைக்கூடத் தொடவில்லை. கறி வாங்கும் வசதி அப்போது யாருக்குமே இல்லை. ‘இத்தனை டாக்டர்கள் கூடிச் செய்த சத்து வீணாகப் போவானேன்’ என்று நினைத்த ஜெசிந்தா, ஒரு நாள் பேச்சோடு பேச்சாக மையத்தின் கால்நடை டாக்டர் உமையாளிடம் கேட்டாள்: “இத மனுசர் தின்னா என்ன ஆவும் டாக்டரம்மா?”

உமையாள் சிரித்தாள். “ஒண்ணும் ஆகாது. நம்மளவிட நல்லாவே இருப்பாங்க.”

அன்றிலிருந்து காலையும் இரவும் தொபியாஸின் கஞ்சியில் அந்த உருண்டைகள் ஊறின. அவனுக்கும் அந்த வாசம் பிடித்துப்போயிற்று. போகப்போக வேறு எதிலும் நாட்டம் இல்லாமல், கஞ்சி மட்டும் போதும் என்று சொல்ல ஆரம்பித்தான். வீட்டில் ஒரு பெரிய டின் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள்.

ஒரு வருடம் முடிந்ததுமே பரிசோதனை வெற்றி என்று அறிவித்தார்கள். நாடெங்கும் நாய்களுக்கும் பூனைகளுக்கும் ‘நிறைவு’ வந்தது. மறு வருடம், வரும் ஜூன் மாதத்திலிருந்து அதே மாவு அரசு விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டிலும் சேரப்போகிறது என்று சொன்னார்கள். கொட்டகை நாய்களை மட்டும் மூன்றாம் வருடம் வரை வைத்துப் பார்க்க உத்தரவு. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை, மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் ராஜபாளையம் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஜாதி நாயை ஒரு ஆள் தூக்க முடியாது. இவர் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்தார்.

“சோறு போடலையான்னு தெருவுல கேக்குறாய்ங்கம்மா,” என்றார். “நான் திங்காட்டியும் இதுக்கு வேளை தவறாம அந்தத் தீனிதான். ஒரு வருசமா வேற எதுவுமே காட்டல. இப்ப அதையும் திங்க மாட்டேங்குது.”

நாயைப் பிடித்துக்கொள்ள ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள் உமையாள். இருதயத்தைப் படம் பிடிக்கும் கருவியை விலாவில் வைத்துத் திரையைப் பார்த்தவள் முகம் வாடிவிட்டது. அந்த மாதத்தில் இது ஒன்பதாவது நாய்.

“பட்டினி கெடந்தா முதல்ல கொழுப்புதான் கரையும் ஜெசிந்தா. இதுல சதை முதல்ல போயிடுது. இங்க தொட்டுப் பாருங்க.” ஜெசிந்தாவின் விரல்களைப் பிடித்து முதுகெலும்பின் இரு பக்கமும் வைத்தாள். இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டியது போலக் குழி. “இருதயம் பெருத்துச் சுவர் மெலிஞ்சுபோச்சு. ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்ல. அதான் வயித்துலயும் கால்லயும் நீர் கோத்துக்குது. படுத்தா மூச்சு முட்டும், உக்காந்தே தூங்கும். பசி செத்துப்போய், உடம்பு தன் சதையத் தானே தின்ன ஆரம்பிச்சிடும்.”

“எதுனால டாக்டரம்மா இப்படி?”

“தீனியில ஏதோ ஒண்ணு குறையுது. இருதயத்துக்குன்னு வேண்டிய ஏதோ ஒண்ணு. எனக்கு மனசுல அப்படித்தான் படுது. ஆனா நம்ம இருபத்து நாலும் அதே தீனியைத்தானே தின்னுது? இத்தனைக்கும் ஒண்ணுக்குக்கூட ஒரு குறை இல்ல. நான் போய் யார்கிட்ட என்ன சொல்றது?”

ஜெசிந்தா குனிந்து நாயின் காதைத் தடவினாள்.

டிரைவர் போன பிறகு உமையாள் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். இருபத்து நான்கு நாய்களின் இருதய பலத்தையும் சேர்த்துப் போட்ட கோடு. நேராகப் போய்க்கொண்டிருந்தது ஓரிடத்தில் சரிந்து, பிறகு ஏறியது. அடுத்த வருடமும் ஒரு சரிவு.

“இதான் என்னைத் தூங்கவிடல. வருஷத்துக்கு ஒரு தடவை, நாப்பது சொச்சம் நாள் இறங்குது. அப்புறம் தானா ஏறிடுது. கம்ப்யூட்டர் வெயில்னு சொல்லுது. வெயில்னா மே மாசம்தானே இருக்கணும்? முதல் வருஷம் மார்ச் அஞ்சாந்தேதி ஆரம்பிச்சிருக்கு, போன வருஷம் பிப்ரவரி பதினெட்டு. இந்த வருஷம் பிப்ரவரி பத்து. இப்பவும் இறங்கிட்டுதான் இருக்கு. எந்தக் கணக்குலயும் அடங்கல.”

உமையாள் காரைக்குடிக்காரி. அவள் வீட்டு நாட்காட்டியில் அந்த நாட்களுக்கு ஒரு விசேஷமும் இல்லை. ஜெசிந்தாவுக்கோ அந்த மூன்று தேதியும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மூன்றும் திருநீற்றுப் புதன். தவசு காலம் தொடங்கும் நாள். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை அவளுக்குச் சுத்தபோசனம். வீட்டுக்குள் மீன் வாடையே ஆகாது, அக்காவின் கூடையும் வராது, நாய்களுக்கும் வெறும் சோறும் தீனியும்தான். அவளுடைய டப்பாவில் மீன் இல்லாத நாட்களில் எல்லாம் அந்தக் கொட்டகையின் இருபத்து நான்கு இருதயங்களும் இறங்கியிருக்கின்றன.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் வேலை போகும், சிறையும் உண்டு. அதைவிட, உமையாள் தன்னை இனி எப்படிப் பார்ப்பாள் என்ற பயம். “எனக்கென்ன தெரியும் டாக்டரம்மா,” என்று சொல்லிவிட்டுக் கிண்ணம் கழுவப் போனாள். தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அவளாலேயே பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தொபியாஸ் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். வாளி தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு மாதமாக அவன் குளிக்க அவள்தான் தண்ணீர் ஊற்றி விடுகிறாள். வயசாயிற்று, உப்பைக் குறை என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“செருப்பு பத்த மாட்டேங்கு ஜெசி,” என்று காலை நீட்டிக் காட்டிச் சிரித்தான். “ஆளு ஓட்டாண்டி, காலு மட்டும் முதலாளி காலு.”

அவளும் சிரித்தபடி முதுகில் சோப்புப் போட்டாள். வலை இழுத்து இழுத்துப் பாறையாக இருந்த முதுகு. தண்டுவடத்தின் இரு பக்கமும் அவள் விரல்கள் பள்ளத்தில் இறங்கின. காலையில் தொட்ட அதே பள்ளம். கை அப்படியே நின்றுவிட்டது.

வீங்கிய கால். சுவரில் சாய்ந்தே தூங்கும் இரவுகள். கஞ்சியைப் பாதியில் தள்ளி வைப்பது. ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. தானே அள்ளி, தானே ஊறவைத்து, தானே ஊட்டியது. நாய்களைக் காப்பாற்றிய கை புருஷனுக்கு நஞ்சு வைத்திருக்கிறது.

“என்னட்டி, தண்ணிய ஊத்து. குளிருது,” என்றான் அவன்.

மறுநாள் காலை, அக்கா வீட்டிலிருந்து வாங்கி வந்த கருவாட்டுத் தலைகளை உமையாளின் மேஜைமேல் வைத்து, கொட்டகையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ஊளியில் ஆரம்பித்து, பச்சை விளக்கு, தவசு காலம் வரைக்கும். உமையாள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

“என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? என் கையெழுத்த நம்பித்தான் நாடு முழுக்க அந்தத் தீனி போயிருக்கு. ஒன்பது நாய் வந்திருக்கு. வராதது எத்தனையோ?” அவள் அழுதுவிட்டாள். “ஜூன்ல பிள்ளைங்களுக்குப் போகப்போகுது ஜெசிந்தா!”

“தெரியும் டாக்டரம்மா. அதுக்குத்தான் வந்தேன். நாஞ் சொல்லுதத எழுதிக்கிடுங்க, கையெழுத்துப் போடுதேன். செயிலுக்கும் போறேன்.”

உமையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு களைத்துப்போன குரலில் சொன்னாள்: “நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. கூட்டிப் பெருக்குறவ கதை கட்டுறான்னு கம்பெனி ஒரே வார்த்தையில முடிச்சிடும். நாயுங்க சாட்சியும் இப்ப கெட்டுப்போச்சு. மதுரை நாய் தெருவுல எத தின்னுச்சோன்னுவாங்க. மீன் வாசமே இல்லாம, ரெண்டு வருஷம் இந்தத் தீனிய நம்பியே இருந்த ஒரு உயிர் வேணும். அதுக்கு நான் எங்க போவேன்?”

ஜெசிந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இருக்காவ டாக்டரம்மா,” என்றாள். “எங்க வீட்டுல இருக்காவ.”

உமையாளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், “மனுஷங்க தின்னா நல்லாவே இருப்பாங்கன்னு நான்தானே சொன்னேன்,” என்று மெல்லச் சொன்னாள். அதற்கு மேல் அவள் ஜெசிந்தாவைத் திட்டவே இல்லை.

நாய்களைப் படுக்க வைக்கும் மேஜைதான் அங்கே இருந்தது. தொபியாஸ் அதில் ஏறி ஒருக்களித்துப் படுத்தான். “வால் இல்லைன்னு திருப்பி அனுப்பிராதிய,” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. திரையில் அவன் இருதயம் மெதுவாக, பெரிதாக, தொளதொளவென்று அசைந்தது. ராஜபாளையம் நாயின் இருதயமும் அப்படித்தான் இருந்தது.

“ஐயா, மனசத் தளரவிடாதீங்க. இது திரும்பக்கூடிய கோளாறு. கொட்டகை நாயுங்க ஒவ்வொரு வருஷமும் திரும்பியிருக்கு,” என்றாள் உமையாள். “மாத்திரை தர்றேன். இன்னைலேர்ந்து மீன் சாப்பிடுங்க. பிடிவாதமெல்லாம் அப்புறம்.”

தொபியாஸ் சட்டையைப் போட்டுக்கொண்டே கேட்டான்: “நான் மீன் தின்னா சாட்சி என்ன ஆவும்?”

உமையாள் கருவியின் கம்பியைச் சுற்றி வைக்கத் தொடங்கினாள்.

“சொல்லுங்கம்மா.”

“கெட்டுப்போகும். ரத்தம் ரெண்டு மூணு நாள்லயே மாறிடும். நான் எடுத்த ரத்தம் செல்லாது, என் மேலயே புகார் இருக்குமே. சென்னையிலேர்ந்து விசாரணைக் குழு வந்து அவங்க கையால எடுக்கணும். நான் இப்பவே எழுதினாலும் ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமைதான் வருவாங்க. பத்து நாள் இருக்கு. வேண்டாம்யா. உங்க நிலைமைக்கு அது ஆபத்து. வேற ஆளைத் தேடிக்கலாம்.”

“வேற ஆளுன்னா யாரு? விடுதிப் பிள்ளையளா?” என்றான் தொபியாஸ். “மிக்கேலா மவ விடுதிலதான இருக்கா. எட்டு வருசம் மீன் இல்லாம இருந்துட்டேன். இன்னும் பத்து நாளுதான?”

ஜெசிந்தா அழுதாள், காலைப் பிடித்தாள், சண்டை போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கிளம்பும்போது உமையாள் கொட்டகையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவன் என்ன தின்றான் என்பதற்கு எழுத்து வேண்டும் என்று குழு கேட்குமாம். அதைக் கொடுக்கும்போது அவள் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பத்து நாட்களை ஜெசிந்தா எப்படிக் கழித்தாள் என்று கேட்கக் கூடாது. காலையும் இரவும் அவளே டின்னைத் திறந்து, அவளே ஊறவைத்து, அந்தக் கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். இத்தனை நாள் தெரியாமல் வைத்தாள், இப்போது தெரிந்தே வைத்தாள். உமையாள் தினமும் வந்து பார்த்தாள். ஏழாம் நாள் பெரிய வெள்ளி. அன்று அவனால் கோயிலுக்கு நடக்க முடியவில்லை. உதடு கறுத்திருந்தது. பேச ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

இயேசுவின் பாடுகளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா கோயிலிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். யாரைப் பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை. உமையாளின் மேஜையிலிருந்து அன்று அவள் திரும்ப எடுத்து வந்த கருவாட்டுப் பொட்டலம் அடுக்களைப் பரணில் இருந்தது. வருடத்திலேயே கடுமையான சுத்தபோசன நாளில், பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடச் செய்யாத காரியமாக, நெத்திலித் தலைகளை எடுத்து அம்மியில் வைத்து மாவாக அரைத்தாள். கஞ்சியில் கரைத்தாள். மஞ்சளும் பூண்டும் போட்டு வாசத்தை அமுக்கினாள். ‘பிள்ளைகளை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு என் புருஷன் வேண்டும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிண்ணம் எடையைத்தானே பார்க்கும், ருசியைப் பார்க்காதே.

தொபியாஸ் சுவரில் சாய்ந்தபடி ஒரு வாய் எடுத்தான். வாயில் வைத்தவன் விழுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

“நெத்திலி,” என்றான்.

அவள் தரையைப் பார்த்தாள்.

“மணப்பாட்டு நெத்திலி. கரைவலை. ரெண்டு நாளு காஞ்சது.” அவன் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. எவ்வளவு ஆசை அந்த முகத்தில் இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டு வருடமாக அவன் மீனை வெறுக்கவே இல்லை.

“தின்னுருங்களேன்,” என்று கெஞ்சினாள். “யாருக்கும் தெரியாது. நான் எத்தன கிண்ணத்த ஏமாத்தியிருக்கேன்!”

அவன் வாயிலிருந்ததை எடுத்துத் தட்டில் துப்பினான். செம்பை வாங்கி வாய் கொப்பளித்தான். சிரிக்கப் பார்த்தான்.

“பெரிய வெள்ளியும் அதுவுமா மீன் தொட்டிருக்க. சாமியாருகிட்ட என்னன்னு சொல்லுவ?” மூச்சு வாங்கிக்கொண்டான். “இருவத்து நாலு நாயும் பொய்ச் சாட்சி சொல்லிட்டுன்னு அந்த டாக்டர் புள்ள அழுதுச்சுன்னு சொன்னியே? நானும் சொன்னா அது எங்கட்டி போவும்? வேற ஊத்திக் கொண்டா. திங்கக்கிழமை மத்தியானம் குழம்பு வையி. ஊளி மீன் கெடச்சா ஊளி.”

ஊளி மீன் எங்கே கிடைக்கும்? அந்தக் கடலில் ஊளி இல்லாமல் போய் ஐந்து வருடம் ஆகிறது என்று இருவருக்கும் தெரியும். “வைக்கேன்,” என்றாள் ஜெசிந்தா.

கிண்ணத்தைக் கழுவினாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை முகர்ந்து பார்த்துக் கழுவினாள். டின்னைத் திறந்து, உருண்டைகளை ஊறவைத்து, ஊற்றிக் கொண்டுவந்தாள். அவன் கை நடுங்கியதால் அவளே ஊட்டினாள். ஒவ்வொரு வாயும் இறங்க வெகுநேரம் ஆயிற்று. வேண்டாம் என்று அவன் தலையைத் திருப்பியபோதும் அவள் விடவில்லை. கடைசி வாய்வரை ஊட்டி முடித்தாள்.

விளிம்பில் பச்சை விளக்கு எரிந்தது. அந்தக் கிண்ணத்தை அவள் ஏமாற்றாத நாட்களில் அது ஏழாவது. தொபியாஸ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி, திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை வேளை என்று ஜெசிந்தா விரல் மடக்கினாள்.